பூசையில் வைத்த பெட்டி

கண்டியில் தகர வேலை என்றால் அந்தக் காலத்தில் என் பட்டறையைத்தான் கைகாட்டுவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பிராவில் பிறந்தவன் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என் பெயரை எழுதப் பழகியதோடு படிப்பு முடிந்தது. தேயிலை பதப்படுத்தும் ஸ்டோரில் ஓட்டை விழுந்த தகரங்களை அடைக்க வருகிறவரோடு ஒட்டிக்கொண்டு ஈயம் உருக்கப் பழகினேன். அங்கிருந்து கண்டிக்கு இறங்கி, தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் கட்டுக்கலையில் சொந்தப் பட்டறை போட்டேன். மழைநீர் ஓடுகிற கூரைப் பீலி, பால் கேன், துரைமார் பங்களாவுக்குக் குளியல் தொட்டி, ஸ்டோருக்குச் சூட்டுக் குழாய் என்று எதைக் கேட்டாலும் செய்வேன். எனக்குப் படம் வரைந்து தரவேண்டாம். வாயால் சொன்னால் போதும், நாலு நாளில் தகரத்தில் பார்க்கலாம்.

இதையெல்லாம் என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். அவர்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. நான் வாய் திறக்காததால் கேட்காதது. அதை இப்போது எழுதுகிறேன்; நான் எழுதப் படிக்கப் பழகியது வயது போன பிறகுதான்.

தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் ஒரு மனிதர் குடையை மடக்கிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். கறுப்புக் கோட்டு, சேறு தெறித்த வெள்ளைக் கால்சட்டை, கக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். கொழும்பில் மேற்படிப்புச் சொல்லிக்கொடுக்கிற கல்லூரியொன்றில் இரசாயனம் படிப்பிப்பவர் என்றும், விடுமுறைக்குக் கண்டியில் தங்கியிருப்பதாகவும் சொன்னார். பேச்சிலேயே யாழ்ப்பாணத்துக்காரர் என்று தெரிந்தது. என்னைவிட நாலைந்து வயது இளையவர். நான் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணை என்றார். கோட்டுப் போட்ட ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

டின்னைத் திறந்தார். உள்ளே நெல்லிக்காய் அளவில் சுட்ட களிமண் உருண்டைகள் இருந்தன.

"ஒண்டைக் கையில எடுத்துப் பாருங்கோ அண்ணை."

எடுத்தேன். மழை ஈரத்தோடு இருந்த விரலில் அது அப்படியே பற்றிக்கொண்டது.

"என்னங்க மாஸ்டர் இது, கடிக்குது?"

"ஓம். அவ்வளவு விடாய் அதுக்கு. காத்தில இருக்கிற ஈரத்தையும் இப்பிடித்தான் குடிக்கும்."

அது ஆற்றங்கரைக் களி. அதோடு ஏதோ ஓர் உப்பைச் சேர்த்து, ஒரு குறிப்பிட்ட சூட்டில் சுட்டிருந்தார். மூன்று வருஷம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதே வேலையாக இருந்தாராம். எதற்கு என்று கேட்டேன். கொக்கோவுக்கு என்றார்.

குண்டசாலை, தும்பறைப் பக்கமெல்லாம் அப்போது கொக்கோ. பெரிய தோட்டங்களில் சூடு கொடுத்துக் காயவைக்க மாடி கட்டிய ஸ்டோர் இருந்தது. கிராமத்துச் சின்ன ஆட்களுக்குப் பாயும் வெயிலும்தான். மழை பிடித்துக்கொண்டால் கொட்டையில் பூஞ்சணம் கட்டிவிடும். அடுப்புக்கு மேலே பரப்பினால் புகை நாற்றம் ஏறிவிடும். வாங்குகிறவன் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொட்டுவான். மாஸ்டரின் எண்ணம் இதுதான்: காற்றை முதலில் இந்தக் களி வழியாக விட்டால் அது உலர்ந்த காற்றாகிவிடும். அந்தக் காற்றைக் கொக்கோத் தட்டுகளுக்கு இடையில் விட்டால், அடை மழையிலும் புகையில்லாமல் காயும். அதற்கு ஒரு பெட்டி வேண்டும். கொழும்பில் ஒன்று செய்து பார்த்தாராம், காற்று கண்ட இடத்தில் ஒழுகியதாம்.

"உங்களட்டைத்தான் போகச் சொன்னவை," என்றார்.

எனக்கு இது போதாதா? செய்து கொடுத்தேன். ஒரு பொட்டுக் காற்று ஒழுகவில்லை. ஆனால் வேறொரு தொல்லை வந்தது. களி ஏழெட்டு மணித்தியாலத்தில் ஈரத்தைக் குடித்து நிறைந்துவிடும். பிறகு பெட்டியை நிறுத்தி, களியை வெளியே அள்ளி, சட்டியில் வறுத்து, மறுபடி நிரப்ப வேண்டும். அதற்குள் கொக்கோ வேர்த்துவிடும். மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு என் பட்டறைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் ஒரு பீலி வேலைக்காகக் கடுகண்ணாவைக்குப் போயிருந்தேன். திரும்பி வர ரயிலுக்குக் காத்திருந்தபோது, ஸ்டேஷன் ஆள் ஒருவன் தண்டவாளத்தை மாற்றுகிற கட்டையைப் பிடித்து இழுத்தான். தண்டவாளம் விலகி, வந்த வண்டி அடுத்த பாதையில் போயிற்று. நூறு தடவை பார்த்த காட்சிதான். அன்றைக்கு மட்டும் என் தலையில் வேறு விதமாக விழுந்தது. களிப் பெட்டி ஒன்று வேண்டாம், இரண்டு வைப்போம். நடுவில் ஒரே ஒரு தகர மூடி. அதை இந்தப் பக்கம் தள்ளினால் காற்று முதல் பெட்டி வழியாகக் கொக்கோவுக்குப் போகும்; கரி அடுப்பின் சூடு இரண்டாவது பெட்டிக்குப் போய்க் களியை உலர்த்திப் புகைபோக்கியால் வெளியேறும். அந்தப் பக்கம் தள்ளினால் எல்லாம் மாறும். எதையும் நிறுத்த வேண்டாம், அள்ள வேண்டாம்.

நான் செய்து காட்டியபோது மாஸ்டர் அந்த மூடியை இருபது தரமாவது தள்ளித் தள்ளிப் பார்த்திருப்பார். பிறகு என் கரிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, களி என்ரை. மூடி உங்கட. மனுவில ரெண்டு பேற்ற பேரும் போடவேணும்."

"எந்த மனுங்க?"

அப்போதுதான் பேட்டன்ட் என்ற சொல்லைக் கேட்டேன். காப்புரிமை என்று இப்போது எழுதுகிறார்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவன் அதைக் கொழும்பிலுள்ள பதிவு கந்தோரில் எழுதிக்கொடுத்தால், இத்தனை வருஷத்துக்கு அவன் அனுமதி இல்லாமல் வேறொருவரும் செய்து விற்க முடியாது என்று பத்திரம் கொடுப்பார்கள். அப்படிப் பூட்டி வைத்துப் பணக்காரராகப் போகிறாரா என்று சிரித்தேன்.

"பூட்டி வைக்க இல்லை. திறப்பு எங்கட கையில இருக்கவேணும், அவ்வளவுதான். எங்களிட்ட இருந்தால் சின்னத் தோட்டக்காரருக்கு மலிவாக் குடுக்கலாம். பெரிய கம்பெனியொண்டு முந்திச் செய்து இறக்கினால் அவை வைக்கிறதுதான் விலை. பாயில காயவைக்கிற சனம் பாயிலதான் காயவைக்கும்."

அவருக்கு வேண்டியிருந்தது இதுதான். பெட்டி சின்ன ஆட்களின் கைக்குப் போய்ச்சேர வேண்டும். இந்த மூன்று வருஷமும் அவர் தூக்கம் கெட்டது அதற்காகத்தான்.

ஆனால் மனுவை உடனே கொடுக்க முடியவில்லை. கல்லூரியின் அடுப்பையும் தராசையும் பாவித்துக் கண்டுபிடித்ததால், உரிமை யாருக்கு, அவருக்கா கல்லூரிக்கா என்று ஒரு கேள்வி எழுந்தது. இப்படியொரு மனு அவர்களுக்கே புதிதாம். கடிதம் போவதும் வருவதுமாக மாதங்கள் ஓடின. கடைசியில், கல்லூரிக்கும் ஒரு பங்கு என்று முடிவாகி, கையெழுத்து மட்டும் மிச்சமிருந்தது. மாஸ்டர் கொழும்புக்குத் திரும்புகிற நாளில் பெட்டியை என் பொறுப்பில் விட்டார்.

"மனு உள்ளுக்குப் போகும் மட்டும் ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ. சட்டம் புதுசைத்தான் கேக்கும். ஊர் பாத்திட்டால் அது புதுசில்லை எண்டு தள்ளிப்போடுவினம். நாங்களே காட்டினாலும் அப்பிடித்தான். விளங்குதோ?"

"விளங்குதுங்க மாஸ்டர். என் வாயிலயிருந்து ஒரு சொல்லு வராது."

பெட்டிக்கு மேலே சாக்கைப் போர்த்தி மூலையில் வைத்தேன்.

பத்து நாளில் ஆயுத பூசை வந்தது.

எங்கள் ஆட்களின் பட்டறைகளில் அந்த நாள் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுத்தியல், கத்தரி, துருத்தி, செய்து முடித்த சாமான், பாதியில் நிற்கிற சாமான் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவோம். ஒன்றைக்கூட விடக்கூடாது. விட்ட ஆயுதம் வருஷம் முழுக்கக் கையை வெட்டும் என்பார்கள். அன்றைக்குப் பட்டறைக் கதவு திறந்தே கிடக்கும். வேலை கொடுக்கிறவர்கள், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் வந்து கடலையும் பொரியும் வாங்கிப் போவார்கள். ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய், இந்த வருஷம் இதைச் செய்தேன், அதைச் செய்தேன் என்று காட்டுவது முதலாளியின் மரியாதை.

காலையில் சாக்கை இழுத்தேன். என் மனைவி மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் எடுக்குறீங்க? மாஸ்டர் காட்டக்கூடாதுன்னு சொன்னாருல்ல?"

"மனுசங்களுக்குக் காட்டக்கூடாதுன்னுதான் சொன்னாரு. சாமிக்கு மறைக்கச் சொன்னாரா?"

"சாமிக்குன்னா சாக்கு மேலயே பொட்டு வைங்க. சாமிக்குத் தெரியாதா உள்ள இருக்கிறது?"

அவள் சொன்னது சரி. சாமிக்குப் பயந்து நான் சாக்கை எடுக்கவில்லை. அந்த வருஷம் ஊருக்குக் காட்ட என்னிடம் இருந்த பெரிய சாமான் அதுதான். கேனையும் பீலியையும் யார் பார்ப்பார்கள்?

முதலில் மாலை மட்டும் போட்டு ஓரமாகத்தான் வைத்தேன். கூட்டம் சேர்ந்ததும் யாரோ, "இது என்ன, அலுமாரியா?" என்று கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான், என்னால் தாங்க முடியவில்லை. முன் கதவைத் திறந்தேன். தட்டுகளை இழுத்துக் காட்டினேன். களியை ஆளுக்கு ஒன்றாக விரலில் ஒட்டவைத்து, அதில் என்ன உப்பு சேர்கிறது என்றுகூடச் சொன்னேன். கடைசியாக, தீபாராதனைத் தட்டை எடுத்துக் கீழ்வாயில் பிடித்தேன். கற்பூரப் புகை உள்ளே இழுபட்டு, இடப்பக்கத்துப் பெட்டி வழியாகப் போயிற்று. மூடியைத் தள்ளினேன். புகை சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி வலப்பக்கம் திரும்பியது.

"அடேயப்பா!" என்றார்கள். மறுபடி தள்ளச் சொன்னார்கள். தள்ளினேன்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். யந்திரச் சாமான் விற்கிற ஒரு பெரிய கம்பெனியின் கண்டிக் கிளையில் கிளாக்கர் அவர். எனக்கு அடிக்கடி பழுது வேலை கொடுப்பவர், நான்தான் அழைத்திருந்தேன்.

"நல்ல மூளைங்க முதலாளி. இது நீங்களா யோசிச்சது?"

"பின்ன? மூணாவது படிக்காதவன் மூளைங்க இது. கொழும்புல பி.ஏ., பி.எஸ்ஸி. படிச்சவங்களுக்கு வரல, பாத்தீங்களா?"

அந்தச் சொல் வெளியே வந்தபோது எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அந்த இனிப்பில்தான் ஆள் விட்டுப் பட்டணத்துப் படம்பிடிப்பவரைக் கூப்பிட்டேன். பெட்டிக்கு மாலை, எனக்கு மாலை. கதவைத் திறந்து வைத்து, ஒரு கையை மூடியின் பிடியில் வைத்து நின்றேன். படத்தின் கீழே என்ன எழுத வேண்டும் என்று அவர் கேட்டார். சொன்னேன். என் பெயர், ஆயுத பூசை, வருஷம், பிறகு "கொக்கோ உலர்த்தும் யந்திரம் கண்டுபிடித்தவர்." மாஸ்டரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பூசை முடிந்து இரண்டு வாரத்தில் மாஸ்டரிடமிருந்து கடிதம் வந்தது. மனு உள்ளே போய்விட்டதாம். இரண்டு பேர் பெயரும் இருக்கிறதாம். பக்கத்துக் கடைக்காரரைக்கொண்டு வாசிப்பித்துக் கேட்டபோது பூசை நாள் ஞாபகம் வந்தது. பிறகு, யார் கண்டார்கள், கண்டியில் கடலை தின்ன வந்தவன் கொழும்புக்குப் போய்ச் சொல்லவா போகிறான் என்று இருந்துவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து மாஸ்டர் நேரிலேயே வந்தார். முகம் வாடியிருந்தது. அந்தக் கிளாக்கரின் கம்பெனி மனுவை எதிர்த்திருந்தது. மனுப் போடுவதற்கு முன்னமே இந்தப் பெட்டி கண்டியில் ஒரு பட்டறையில் வெளிப்படையாக இயக்கிக் காட்டப்பட்டது, ஆகவே புதிது இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"நான் அதை நம்பேல்லை அண்ணை. எண்டாலும் உங்களட்டைக் கேட்டிட்டுத்தான் பதில் எழுதவேணும். ஆருக்காவது காட்டினீங்களோ?"

இப்போது நினைத்தால், ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அவருக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனால் மானம் மிஞ்சியிருக்கும், அவருக்கும் எனக்கும். ஆனால் அவர் என்னை எப்படிப் பார்த்தார் தெரியுமா? கேள்வி கேட்டதற்கே வெட்கப்படுகிறவர் போல.

"என்ன மாஸ்டர் இப்படிக் கேட்டுப்புட்டீங்க? சாக்கை நான் எடுக்கவே இல்லீங்க. இவனுங்க பொறாமையில சொல்றானுங்க."

"எனக்குத் தெரியும் அண்ணை," என்றார். முகம் தெளிந்துவிட்டது. "அப்ப அதையே சத்தியக் கடதாசியில சொல்லுவமோ?"

"எங்க வேணும்னாலும் சொல்றேங்க."

என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தவள் இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கோப்பையை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மாஸ்டர் போனபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உள் சுவத்துல மாலை போட்டுக்கிட்டு தொங்குறது யாரு, உங்க தம்பியா?"

படத்தைக் கழற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். மறுநாள் மாஸ்டரோடு புரொக்டர் என்கிற வழக்கறிஞர் ஒருவரிடம் போய், அவர் எழுதி வாசித்துக் காட்டியதற்குக் கீழே, சமாதான நீதவான் முன்னால், சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன். என் பெயரை நன்றாக எழுதினேன். அது ஒன்றுதானே அப்போது எனக்கு எழுதத் தெரியும்.

விசாரணைக்குக் கொழும்புக்குப் போன அன்று புதுக் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். பதிவு கந்தோரில் ஒரு நீண்ட மேசை. தலைப்பில் வெள்ளைக்கார அதிகாரி, ஒரு பக்கம் மாஸ்டரும் அவர் புரொக்டரும், மறுபக்கம் கம்பெனி வக்கீல். நடுவில் இங்கிலீஷைத் தமிழில் சொல்ல ஒருவர். மாஸ்டர் தன் களியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு என்னைக் கேட்டார்கள். யாருக்கும் காட்டினதில்லை என்றேன். கம்பெனி வக்கீல் தலையாட்டிவிட்டு, உறையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

என் படம்.

என்னிடம் இருந்த ஒன்றை டிரங்குப் பெட்டியில் போட்டதோடு எல்லாம் மறைந்தது என்று நினைத்த மடையன் நான். படம்பிடித்தவர் கண்ணாடித் தகட்டை வைத்துக்கொண்டு, நல்ல படமென்று இன்னொன்று போட்டுத் தன் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார். அந்தத் தெருவில் போகிற வருகிற எல்லாரும் மாதக்கணக்காகப் பார்த்திருக்கிறார்கள். ஆட்கள் வந்து, "உங்க படம் கடையில இருக்குதே" என்று சொன்னபோது நான்தான் சிரித்துக்கொண்டு மீசையைத் தடவியிருக்கிறேன். அதுகூட எனக்கு மறந்துபோயிருந்தது.

"இதில் நிற்பது யார்?" என்று கேட்டார்கள்.

"நான்தாங்க."

"கீழே எழுதியிருப்பதை வாசியும்."

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க."

தமிழ் சொல்கிறவர் வாசித்தார். பூசையும் வருஷமும் முதலில் வந்தன. பிறகு, "கண்டுபிடித்தவர்." அதை இங்கிலீஷில் சொல்வதற்கு முன்னமே மாஸ்டருக்கு விளங்கிவிட்டது. அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரி ஏதோ கோபமாகச் சொன்னார். பொய்ச் சத்தியத்துக்கு மறியல், சிறைதான், உண்டு என்று தமிழில் சொன்னார்கள். அப்போது மாஸ்டர் எழுந்தார். அவர் என்ன பேசினார் என்று தமிழ் சொல்கிறவர் பிறகு எனக்குச் சொன்னார்: இவர் எழுத்தறிவில்லாத மனிதர், கேட்ட கேள்வி இவருக்குச் சரியாக விளங்கவில்லை, பூசை என்பதை இவர் காட்டுவது என்று நினைக்கவில்லை, பிழை சரியாக விளக்காத என்னுடையது என்றாராம்.

விளங்காமல் இல்லை. பட்டறையில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியிருந்தது. படிக்காமலே எல்லாம் தெரிந்தவன் என்று ஊர் முழுக்க மார்தட்டியவன், அன்று என்னைப் பார்த்து அதிகாரி, "அப்படித்தானா?" என்று கேட்டபோது, "ஆமாங்க, நான் படிக்காதவன், விளங்கலீங்க," என்றேன். கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். என்னை விட்டார்கள். மனுவைத் தள்ளினார்கள்.

வெளியே படியில் இறங்கும்போது பின்னால் காலடி கேட்டது. மாஸ்டர்.

"அண்ணை, குடையை விட்டிட்டு வந்திட்டியள்."

குடையை என் கையில் தந்தார். ஏச்சுக்குக் காத்து நின்றேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி அது ஆருக்கும் சொந்தமில்லை," என்றார். "ஆரும் செய்யலாம். கம்பெனியும் செய்யும், நீங்களும் செய்யலாம். உங்களுக்குத்தான் அது கை வந்த வேலை. சின்ன ஆக்களுக்கு மலிவாச் செய்து குடுங்கோ அண்ணை. களி சுடுற விதம் நான் எழுதி அனுப்பிறன். எனக்கு அது போதும்."

"கட்டாயம் செய்றேங்க மாஸ்டர்."

அதையும் சத்தியம் போலத்தான் சொன்னேன்.

அவர் அனுப்பிய கடிதம் வந்தது. சூடு எவ்வளவு, உப்பு எவ்வளவு, நான் யாரைக்கொண்டாவது வாசித்துச் செய்யக்கூடிய மாதிரி, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தார். இரண்டு பெட்டிகள் செய்து குண்டசாலைக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குக் கொடுத்தேன். மூன்றாவதற்குத் தகரம் வெட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கிளாக்கர் வந்தார். அவர்கள் கம்பெனி கனத்த தகட்டில் பெரிய தோட்டங்களுக்கு இறக்கப் போகிறது. மூடியைப் பொருத்துகிற சூட்சுமம் அவர்கள் ஆட்களுக்குப் பிடிபடவில்லை. எல்லாப் பெட்டியும் என் பட்டறையிலேயே செய்யலாம். ஒரு நிபந்தனைதான். வேறு ஒருவருக்கும் செய்யக்கூடாது.

"பேட்டன்ட் இல்லாத சாமான்தானே முதலாளி. உங்களுக்கு யாரு தடை? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன் என்று எழுத ஆசைதான். அன்றைக்கே சம்மதித்தேன். அடுத்த வருஷம் பக்கத்துக் காணியையும் சேர்த்துப் பட்டறையைப் பெரிசாக்கினேன். சுயமாக முன்னுக்கு வந்த மனிதர் என்று இன்றைக்கும் கூட்டங்களில் எனக்கு மாலை போடுகிறார்களே, அந்த முன்னேற்றம் அங்கேதான் தொடங்கியது. வெட்டி வைத்த மூன்றாவது பெட்டியின் தகரம் வேறு எதற்கோ போயிற்று.

இரண்டு மூன்று வருஷம் மாஸ்டரைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மாரிகாலத்தில், குண்டசாலைப் பக்கத்துப் பெரிய தோட்டமொன்றின் கொக்கோ ஸ்டோரில் பெட்டியொன்றைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனியின் பித்தளைத் தகட்டை முகப்பில் வைத்து ஆணி இறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. அவர்தான், படிக்கிற நாலைந்து பேரோடு வந்திருந்தார். கொக்கோவைப் பதப்படுத்துவதைப் பார்க்க அழைத்து வந்தாராம். கோட்டு அதே கோட்டு. வரும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் பாயில் கொக்கோ கறுத்துக் கிடந்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பார். நானும் அதே வழியில்தான் வந்தேன்.

"அண்ணை, சுகமோ?"

"சுகந்தாங்க மாஸ்டர்."

பித்தளைத் தகட்டை வாசித்தார். என் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார். சின்ன ஆட்களுக்குச் செய்தீர்களா என்று கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது, எல்லாம் முன்னமே தெரிந்திருக்கிறது என்று விளங்கியது. கிட்டப் போய் மூடியின் பிடியைப் பிடித்து இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை தள்ளினார். கூட வந்தவர்களிடம் திரும்பி, "இந்த மூடியைக் கண்டுபிடிச்சது இவர்தான்," என்றார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள்.

"நல்லா வேலை செய்யுது அண்ணை," என்றார்.

களி இவருடையது, இந்தப் பெட்டி இவருடையது, மூடி மட்டும்தான் என்னுடையது என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவருக்கு ஒரு வாக்கியம். கேட்க ஆட்கள் நிற்கிறார்கள், எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். என் வாய் பழகிய வழியில் போயிற்று.

"நாங்க செஞ்சா சும்மாவா இருக்கும் மாஸ்டர்?" என்றேன்.

"ஓம், ஓம்," என்றார் அவர். "அப்ப வாறன் அண்ணை." பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

மிச்சம் இருந்த ஆணியையும் இறுக்கிவிட்டுத்தான் நான் வந்தேன். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த படத்தை என் பிள்ளைகள் பிற்காலத்தில் கண்டெடுத்துச் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டினார்கள். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அதற்குப் பொட்டு வைக்கிறார்கள். கழற்றச் சொல்ல வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். இதை வாசித்த பிறகு அவர்களே கழற்றட்டும்.